தையல் மெஷினுக்கு விழுந்த ஓட்டு

நான் இரண்டு முறை பாராளுமன்றத் தேர்தலில் நின்றேன். இரண்டு முறையும் தோற்றேன். இதைக் கேட்டால் சிலர் சிரிக்கிறார்கள், சிலர் பாவமே என்று பார்க்கிறார்கள். இரண்டும் எனக்குப் பிடிக்காது. எதற்காக நின்றாய் என்று கேட்டவர்கள் குறைவு. பூட்டிய ஒரு கேட்டுக்காக நின்றேன்.

லோத்குண்டாவில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இராணுவ நிலம். அதைத் தாண்டினால் சைனிக்புரிப் பக்கம் போய்விடலாம். எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர் அந்தப் பக்கத்து வீடுகளில்தான் பாத்திரம் தேய்க்கிறார்கள், சமைக்கிறார்கள். நிலத்தின் நடுவே ஒரு தார்ச்சாலை உண்டு. நான் இங்கே வந்த காலத்திலிருந்தே எல்லோரும் அதில்தான் நடந்தார்கள். ஒருநாள் இராணுவக்காரர்கள் அதன் முனையில் கேட் போட்டுப் பூட்டிவிட்டார்கள். அதன்பிறகு மெயின்ரோடு வழியாகச் சுற்ற வேண்டும். ஷேர் ஆட்டோ கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் வெயிலில் நடை. வேலைக்கு நேரம் கழித்துப் போனால் எந்த வீட்டு அம்மாவும் பொறுத்துக்கொள்வதில்லை. சிலருக்கு வேலையே போனது.

கார்ப்பரேட்டரிடம் போனோம். அது எங்கள் கையில் இல்லை என்றார். எம்.எல்.ஏ. ஆபீஸிலும் அதே பதில். டெல்லியில் பேச வேண்டிய விஷயம், எம்.பி.யிடம் போங்கள் என்றார்கள். எம்.பி.யைப் பார்க்கப் போனால் அவர் டெல்லியில் இருந்தார். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குக் கோபம் தலைக்கேறி, அப்படியானால் நானே நிற்கிறேன் என்று சொன்னேன். கூட வந்தவர்கள் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தார்கள். நான் அப்படிப் பேசுகிறவள் இல்லை.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து இங்கே ரயில்வே பட்டறைக்கு ஃபிட்டராக வந்தவர். நான் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து தெலுங்கு மீடியத்தில் பத்தாவது வரை படித்தேன். கல்யாணம் ஆகி லோத்குண்டாவுக்கு வந்த நாளிலிருந்து ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறேன். தெருவில் எல்லோருக்கும் நான் தையல் அக்கா. என் வீட்டுக்காரர் ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். தேர்தலில் நிற்கப்போகிறேன் என்றதும் அவர் "நக்கோ" என்று இந்த ஊர் உருதுவில் ஒரே வார்த்தை சொன்னார். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருந்தால் வேண்டாம் என்பது கூடத் தமிழில் வராது. மனுத் தாக்கல் அன்று எனக்கு முன்னால் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றதும் அவர்தான்.

சுயேச்சையாக நிற்க அந்தத் தொகுதிக்காரர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். அந்தப் பத்துப் பேருமே, கேட் பூட்டியதால் சுற்றி நடக்கும் பெண்கள். சின்னத்தை நாமாக வைத்துக்கொள்ள முடியாது. தேர்தல் ஆபீஸ் பட்டியலில் இருக்கும் சின்னங்களில் மூன்றைக் கேட்கலாம். நான் முதலில் எழுதியது தையல் மெஷின். வேறு யாரும் அதைக் கேட்கவில்லை, எனக்கே கிடைத்தது.

பிரச்சாரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்த பெண்களோடு சந்து சந்தாக நடந்தேன். எங்கள் தொகுதியில் ஆள் அதிகம் நின்றதால் ஓட்டுப் போட இரண்டு இயந்திரம் வைப்பார்கள். முதலாவதில் பெரிய கட்சிகள். இரண்டாவதில் கீழே நான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் பெயரைத் தேடாதீர்கள், படத்தைத் தேடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். தொண்டை கட்டிப்போகிற வரை சொன்னேன். அந்தப் பாடம் மட்டும் நன்றாகவே ஏறியது.

தோற்றேன், டெபாசிட்டும் போனது. ஆனால் எங்கள் பக்கத்து பூத்துகளில் பெரிய கட்சிக்காரர்கள் முகம் சுளிக்கிற அளவுக்கு ஓட்டு விழுந்தது. ஜெயித்தவருடைய ஆட்கள் என் வீடு தேடி வந்து, தைக்க வைத்திருந்த துணியை நகர்த்திவிட்டு உட்கார்ந்து டீ குடித்தார்கள். இராணுவ அதிகாரிகளோடு நடந்த மீட்டிங்குக்கு என்னையும் கூப்பிட்டார்கள். காலையில் கொஞ்ச நேரம் கேட்டைத் திறந்தார்கள். சில மாதம் அப்படிப் போனது. பிறகு இராணுவத்தில் அதிகாரி மாறி, மறுபடி பூட்டு. எம்.பி. ஆபீஸில் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு ஒன்று புரிந்தது. நான் ஜெயிக்கத் தேவையில்லை. எங்கள் பூத்துகளில் அந்த ஓட்டு கண்ணில் தெரிந்தால் போதும், தேடி வருவார்கள். அதனால் அடுத்த தேர்தலிலும் நின்றேன்.

இந்த முறை தையல் மெஷினை இன்னொருத்தரும் கேட்டிருந்தார். பிளாட் விற்றுக் கொடுக்கும் புரோக்கர், நாற்பது வயதுக்குள் இருப்பார். ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. போன தேர்தலில் அந்தச் சின்னத்துக்கு எங்கள் பக்கம் ஓட்டு விழுந்ததைப் பார்த்து வைத்திருந்தார், அவ்வளவுதான். ஆபீஸில் சீட்டுக் குலுக்கினார்கள். தையல் மெஷின் அவருக்குப் போனது. எனக்கு வாளி.

ஓட்டுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. மறுபடி அதே சந்துகள். வாளி, வாளி என்று சொன்னேன். "ஹவ் அக்கா, ஆமா, தெரியும் அக்கா" என்று தலையாட்டினார்கள். நான் சந்து முனையைத் திரும்புவதற்குள் பின்னாலிருந்து "யார் வந்தது?" என்று ஒரு குரல் கேட்கும். "தையல் மிஷின் அக்கா" என்று இன்னொரு குரல் பதில் சொல்லும். திரும்பிப் போய்த் திருத்துவேன். கொஞ்ச நாளில் திருத்தக் களைப்பாக இருந்தது.

ஓட்டுப் போட்ட அன்று என்னை முன்மொழிந்தவர்களில் ஒருத்தி நேரே என் வீட்டுக்கு வந்தாள். சைனிக்புரியில் ஒரு ரிட்டயர்டு கர்னல் வீட்டில் சமைக்கிறவள், அவள் குடும்பமும் வேலூர்ப் பக்கம்தான். மை வைத்த விரலைக் காட்டிச் சிரித்தாள்.

"எதை அமுக்கினே?" என்று கேட்டேன்.

"வாளின்னு நீ சொன்னது ஞாபகம் இருந்துச்சுக்கா. ஆனா உள்ள போய்ப் பார்த்தா உன் மிஷினு கீது. உன்னுத வுட்டுட்டு வாளிய எப்படி அமுக்குறது? மனசு வரல."

"பக்கத்துல போட்டோ இருந்துச்சே. அவனுக்கு மீசை இருக்குமே."

"கண்ணாடி எடுத்துக்கினு போவலக்கா. மிஷினு பக்கத்துல இருக்கறது நீயாத்தான் இருப்பேன்னு நெனச்சேன்."

அவளை என்ன சொல்வது? போய்ச் சாப்பிடு என்றேன். அன்று சாயங்காலம் இன்னும் பலர் வந்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷம், எல்லோரும் எனக்குத்தான் போட்டிருந்தார்கள். படத்தைத் தேடு என்று சொல்லிக்கொடுத்தவள் நான்தானே. யாரையும் திட்ட முடியவில்லை. திட்டுகிற தெம்பும் இல்லை.

எண்ணிக்கை முடிந்தபோது எங்கள் பூத்துகளில் தையல் மெஷினுக்கு, போன தேர்தலில் எனக்கு விழுந்ததைவிட அதிகமாகவே விழுந்திருந்தது. யாருக்கும் ஓட்டில்லை என்று நோட்டாவை அமுக்கினவர்கள்கூட வாளியை அமுக்கினவர்களைவிட அதிகம். ஜெயித்தவருடைய ஆட்கள் புரோக்கர் வீட்டுக்குப் போனார்கள். இராணுவ அதிகாரிகளோடு நடக்கும் மீட்டிங்குக்கு அவரைக் கூப்பிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து அவர் காரில் வந்து என் வாசலில் இறங்கினார். தெலுங்கில் மரியாதையாகத்தான் பேசினார். எல்லோரும் கேட் கேட் என்கிறார்களே, எந்த கேட், அது எங்கே இருக்கிறது, மீட்டிங்கில் நான் என்ன கேட்க வேண்டும் என்றார். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் அவனை விரட்டு என்று தமிழில் சொன்னார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கத்தரிக்கோல் கையில் இருந்தது, கீழே வைத்துவிட்டேன். இவரை விரட்டினால் மீட்டிங்கில் கேட் என்ற வார்த்தையைச் சொல்ல ஓர் ஆள் இருக்காது.

கூட வாங்க, காட்டுகிறேன் என்றேன். கார்க் கதவைத் திறந்தார். கார் வேண்டாம் என்று முன்னால் நடந்தேன். பூட்டியிருந்த கேட்டைக் காட்டிவிட்டு, பெண்கள் போகிற மாதிரி மெயின்ரோட்டுப் பக்கம் சுற்றிக் கூட்டிப்போனேன். பாதி வழியில் அவர் சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டார். நடந்து வந்த அதே அளவு என்றேன். கொஞ்சம் தள்ளி வந்ததும், என் மேல் உங்களுக்குக் கோபம் இருக்கும் என்றார்.

"இருக்கு. அது கிடக்கட்டும். காலைல ஆறு மணிக்குத் திறக்கணும்னு கேளுங்க. ஏழுன்னு சொல்வாங்க, ஒத்துக்காதீங்க. ஏழுன்னா பாதிப் பேருக்கு வேலை போயிடும்."

ஆறு என்று அவர் திருப்பிச் சொன்னார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.