சென்னம்மாவும் யுகாதி வேட்டியும்

திருத்தணி ஆந்திராவுக்கா மதராஸுக்கா என்று ஊரே தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்த காலம். புத்தூர் டீக்கடைகளில் பெஞ்சு உடையாத குறைதான். ஆனால் முனிரத்தினம் யாருக்குச் சொந்தம் என்பதில் மட்டும் எவருக்கும் சந்தேகம் வந்ததில்லை. அவர் நிலக்காரர் நாகபூஷணத்தின் பண்ணையாள். அவருடைய அப்பாவும் அந்த வீட்டில்தான் உழைத்துத் தேய்ந்தார்.

யுகாதியன்று நிலக்காரர் புது வேட்டி ஒன்று கொடுப்பார். வாங்கிக் கட்டிக்கொண்டால் அடுத்த யுகாதிவரை அங்கேதான் வேலை. வாங்கிவிட்டு மாட்டேன் என்றவனைச் சுற்றுவட்டாரத்தில் யாரும் வேலைக்குச் சேர்க்க மாட்டார்கள். இன்று திருப்பதியில் கல்லூரிப் பாடம் நடத்தும் அவர் பேத்தி தாட்சாயணியிடம் நான் இதைச் சொன்னால், "சும்மா கதை விடாதீங்க" என்கிறாள்.

முனிரத்தினத்தின் மனைவி சென்னம்மா வாயாடி. அந்த வாய் இல்லாவிட்டால் மகன் கோவர்த்தனன் பள்ளிக்கூடத்துப் படியையே மிதித்திருக்க மாட்டான். எஸ்.எஸ்.எல்.சி. தேறி, ரேணிகுண்டா ரயில்வேயில் வேலையும் கிடைத்திருந்தது. யுகாதி முடிந்ததும் போய்ச் சேர வேண்டும்.

யுகாதியும் வந்தது. முனிரத்தினம் இரண்டு வேட்டியோடு வீடு திரும்பினார்.

"இன்னாய்யா இது, ரெண்டு?"

"ஒண்ணு உன் புள்ளைக்காம். சாமி ஆசையா குடுக்கும்போது எப்டி வேணாம்னு சொல்றது?"

மகனையும் ஒப்புக்கொடுத்துவிட்டு மனுஷன் சிரித்துக்கொண்டு நிற்கிறார்! இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. திருப்பிக் கொடுத்தால் அவமரியாதை. இருக்கிற பிழைப்பும் போகும்.

"நான் போவல நைனா. இங்கியே இருக்கேன்" என்றான் கோவர்த்தனன்.

"நீ வாய மூடு" என்றாள் சென்னம்மா. பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "ஒண்ண இடுப்புல கட்டு. இன்னொண்ணயும் அதும்மேலயே கட்டு."

அன்று மத்தியானமே நிலக்காரர் வாசலுக்கு அவரை இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு வேட்டியில் முனிரத்தினம் நெல்மூட்டை மாதிரி உருண்டு நின்றார். பண்டிகைக்கு வந்திருந்த கூட்டம் சிரித்தது.

"இன்னாடா வேஷம் இது?" என்றார் நாகபூஷணம்.

சென்னம்மா முந்திக்கொண்டாள். "வேட்டி கட்டினவங்கதானே சாமி வேலை செய்யணும்? ரெண்டயும் இவுரே கட்டிக்கினாரு. அந்த ரெண்டாவது ஆளுக்குப் பதிலா நான் வரேன். புள்ள ரேணிகுண்டா போறான்."

நாகபூஷணம் முறைத்தார். ஆனால் அது அவர் பாட்டன் காலத்து வழக்கம்; அத்தனை பேர் முன்னால் அவரே எப்படி மீறுவார்? "சரி, காலையில ரெண்டு பேரும் வந்துடுங்க" என்று உள்ளே போய்விட்டார்.

சென்னம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வீடு வரும்வரை சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள்.

அந்த வருஷம் முழுக்க அவளும் வெயிலில் காய்ந்தாள். அடுத்த யுகாதி வந்தபோது எல்லைச் சண்டையும் ஒருவழியாக ஓய்ந்திருந்தது. திருத்தணி மதராஸ் பக்கம், புத்தூர் ஆந்திரா பக்கம். கோவர்த்தனன் விடிகாலை ரயிலில் வந்து இறங்கி, அப்பாவிடம் ஒரு புது வேட்டியை நீட்டினான்.

முனிரத்தினம் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"இதுக்கு யார் வூட்ல வேலை?"

"யார் வூட்லயும் இல்ல நைனா. சும்மா கட்டிக்கோ."

அவர் சென்னம்மாவைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் கை நீட்டி வாங்கினார்.