உடன் வந்தவர்

எங்கள் டெல்லி ஜனக்புரி பிளாக்கில் ஒரு டஜன் நாடுகளைப் பார்த்த மனிதர் மாணிக்கவாசகம் ஒருவர்தான். அத்தனையையும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தார். அதில் ஒரு நாட்டையும் அவராகத் தேர்ந்தெடுக்கவில்லை. மனைவியை எங்கே கூப்பிட்டார்களோ அங்கே அவரும் போனார், அவ்வளவுதான்.

மாயவரத்துக்காரர். மத்திய அரசில் செக்ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பூங்கோதை கறையான் ஆராய்ச்சி செய்கிறவள். கறையானை ஒழிப்பதில் அல்ல, அது புற்று கட்டும் விதத்தில்தான் அவளுக்கு வெளிநாடுகளில் பேர். இந்த வித்தியாசம் பிளாக்கில் யாருக்கும் உறைக்காது. யார் வீட்டு நிலைப்படி அரித்தாலும் அவர்கள் வீட்டு மணியைத்தான் அடிப்பார்கள். பூங்கோதையும் டார்ச்சோடு வந்து, குனிந்து பார்த்து, "ரொம்ப நல்லா கட்டியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவாள். நான் கீழ்வீட்டு வள்ளி, பேங்கிலிருந்து ஓய்வு பெற்றவள். என் சமையலறைக் கதவை அப்படித்தான் இழந்தேன்.

கறையான்காரர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு நாட்டில் மாநாடு கூட்டுவார்கள். வருகிறவர்களின் கணவன், மனைவிமாருக்கு அங்கே தனி ஏற்பாடு. 'அக்கம்பனியிங் பர்சன்' என்று எழுதிய பச்சை அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். உள்ளே ஆராய்ச்சியாளர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது இவர்களைப் பஸ்ஸில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டுவார்கள். டீ உண்டு, ஒரு நாள் விருந்தும் உண்டு. பேச்சரங்குக்குள் மட்டும் போக முடியாது. அதற்கு நீல அட்டை வேண்டும்.

"தமிழ்ல சொன்னா உடன்கட்டை," என்பார் மாணிக்கவாசகம். "அந்தக் காலத்துல புருஷன் செத்தா பொண்டாட்டி ஏறணும். இப்ப பொண்டாட்டி பேப்பர் வாசிச்சா புருஷன் பஸ்ல ஏறணும்." சொல்லிவிட்டு மற்றவர்களுக்கு முன்னால் அவரே சிரிப்பார்.

சிரிப்புக்குப் பின்னால் ஒரு சங்கதி இருந்தது. பால் பூத் வரிசையில் நிற்கும்போது ஒருநாள் என்னிடம் சொன்னார். முதல் மாநாடு வியன்னாவில். பூங்கோதை பேசப் போகிறாள் என்று இவர் புதுக் கோட்டும் டையுமாக அரங்கு வாசலுக்குப் போயிருக்கிறார். அங்கே நின்ற பெண் அட்டையின் நிறத்தைப் பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாக, "சார், உங்கள் பஸ் அந்தப் பக்கம்" என்று கை காட்டினாளாம். இவரும் தேங்க்யூ சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். செக்ஷன் ஆபீசர் அல்லவா, விதி என்றால் விதி. அதற்கப்புறம் எந்த ஊரிலும் அந்த மாதிரி வாசலுக்கு அவர் போகவில்லை.

அன்று சாயங்காலம் பூங்கோதை, "தனியா போரடிச்சுதா?" என்று கேட்டிருக்கிறாள். அவள் மனசு கஷ்டப்படக் கூடாதே என்று, "சேச்சே, பிரமாதம்!" என்று ஆரம்பித்து, அரண்மனை, குதிரை வண்டி, ஆப்பிள் பலகாரம் என்று அளந்து தள்ளியிருக்கிறார். அன்றிலிருந்து எல்லா ஊரிலும் இதே கதைதான். லிஸ்பனில் டிராம் பிரமாதம், நைரோபியில் ஒட்டகச்சிவிங்கி பிரமாதம். பூங்கோதையும் என்னிடம் பெருமையாகச் சொல்வாள்: "அவருக்கு ஊர் சுத்தறதுன்னா உயிரு வள்ளிம்மா. அதான் என் ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னாடி அவர் டூரை புக் பண்ணிடுவேன்."

இரண்டு பேருக்கும் நல்ல மனசு. மனசு மட்டும் இருந்து என்ன செய்ய, வாயும் வேண்டும். மனைவி மேடையில் பேசி இந்த மனிதர் ஒரு வாக்கியம் கேட்டதில்லை. கொரோனா சமயத்தில் அவள் வீட்டிலிருந்தே பேசினாள். அப்போதும் அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். இவர் டீயை வாசலில் வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். கூலர் சத்தம்தான் கேட்கும்.

"ஒருதடவை கேக்கணும்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"இத்தனை வருஷம் கழிச்சா? அவ சிரிப்பா, வள்ளிம்மா," என்றார்.

இந்தப் பிப்ரவரியில் மாநாடு டெல்லிக்கே வந்தது. லோதி ரோடு பக்கம் ஓர் அரங்கம் எடுத்திருந்தார்கள். பூங்கோதைதான் தலைவி. மார்ச் மாதத்தோடு அவளும் ஓய்வு பெறுகிறாள் என்பதால், கடைசி நாளான வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நிறைவுப் பேச்சை அவளுக்கே கொடுத்திருந்தார்கள். "இதோட போதும், இனிமே மேடை கிடையாது" என்று வீட்டில் சொல்லியும் விட்டாள். மாணிக்கவாசகம் கேட்டால் இதைக் கேட்டாக வேண்டும், இல்லையென்றால் இல்லைதான்.

மாநாட்டு வேலைகளை ஒரு கம்பெனியிடம் விட்டார்கள். கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதையாக, அப்புறம் எல்லாம் அந்தக் கம்பெனி ராஜ்யம். சுற்றுலாத் திட்டத்தில் வெள்ளிக்கிழமை தாஜ்மகால் என்று போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை தாஜ்மகாலுக்கு விடுமுறை என்பது டெல்லியில் ஆட்டோக்காரருக்கும் தெரியும். "அவர்தான் இதுல எக்ஸ்பர்ட்" என்று பூங்கோதை திட்டத்தைக் கணவர் கையில் கொடுத்தாள். அவர் ஆக்ராவைப் புதன்கிழமைக்குத் தள்ளினார். கல்லறைகளைப் பாதியாகக் குறைத்தார். உட்கார நிழலும் சுத்தமான கழிப்பறையும் இல்லாத இடங்களை அடித்தார். வெள்ளிக்கிழமையைக் காலியாக விட்டுவிட்டுத் தன் கோட்டையும் டையையும் டிரை கிளீனிங்குக்குப் போட்டார்.

"பொண்டாட்டிக்காகக் கட்டினதைப் பாக்கப் போயி, பொண்டாட்டி பேசறதை விடறதா?" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

கம்பெனிக்காரர்கள் ஒரு நாளைக் காலியாக விடுவார்களா? குதுப்மினார், அப்புறம் தில்லி ஹாட் கைவினைச் சந்தையில் ஷாப்பிங் என்று நிரப்பிவிட்டார்கள். வியாழன் சாயங்காலம் நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது பூங்கோதை போனில் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"என்னங்க, நாளைக்கும் நீங்களே அவங்களைக் கூட்டிட்டுப் போயிடுங்க. நீங்க இருந்தா எனக்குக் கவலையில்ல. உங்களுக்கும் பிடிக்குமே."

மாணிக்கவாசகம் கொக்கியில் தொங்கிய கோட்டைப் பார்த்தார். "அச்சா, சரி," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்க?"

"அவளுக்கு நாளைக்கு ஆயிரம் டென்ஷன். அதுல நான் வேறயா? நீங்களும் வாங்களேன் வள்ளிம்மா, கூட்டம் சிதறாம பாத்துக்க ஒரு ஆள் வேணும்."

போனேன். குதுப்மினாரில் நல்ல வெயில். முப்பது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் பல ஊர் பஸ்களில் ஒன்றாகச் சுற்றிப் பழகினவர்கள். எல்லாரும் தொப்பியும் அரைக்கை சட்டையுமாக இருக்க, மாணிக்கவாசகம் மட்டும் டிரை கிளீனிங்கிலிருந்து வந்த கோட்டையும் டையையும் போட்டுக்கொண்டு வியர்த்தார். டென்மார்க்கிலிருந்து வந்திருந்த ஹென்ரிக், பள்ளியில் பாட்டு வாத்தியாராக இருந்தவர், அவருடைய பழைய பஸ் சிநேகிதர். கோபுரத்தைப் பார்க்க டை எதற்கு என்று கேட்டார்.

பால் பூத் வரிசையில் என்னிடம் சொன்னதை இந்த மனிதர் அன்று இங்கிலீஷில் இன்னும் சுருக்கமாகச் சொன்னார். "என் மனைவி இன்னும் கொஞ்ச நேரத்தில் பேசுவாள். நான் ஒருமுறையும் கேட்டதில்லை. இன்று கேட்கலாம் என்று போட்டுக்கொண்டேன்."

ஹென்ரிக் தன் பச்சை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் மனைவி நேற்று பேசினாள்," என்றார். "நான் அப்போது உன்னோடு லோதி தோட்டத்தில் வாத்து பார்த்துக்கொண்டிருந்தேன்."

அப்புறம் வாத்தியார் பாணியில் கையைத் தட்டிக் கூட்டத்தைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார். ஷாப்பிங்கை விட்டு அரங்குக்கே போக யாரும் இரண்டாம் முறை யோசிக்கவில்லை. ஓர் அம்மாள் மட்டும் சால்வை, சால்வை என்று முனகினாள். சாயங்காலம் நானே கூட்டிப்போகிறேன் என்று அவளைப் பஸ்ஸில் ஏற்றினேன்.

எய்ம்ஸ் பக்கத்தில் டிராஃபிக் நகரவில்லை. மாணிக்கவாசகம் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். ஊர்ந்து ஊர்ந்து கிட்வாய் நகர் வந்தபோது, அந்த உயரமான கட்டடங்கள் என்ன என்று ஹென்ரிக் கேட்டார்.

"அங்கே எங்கள் பழைய குவார்ட்டர்ஸ் இருந்தது. இடித்துவிட்டார்கள். மாடி வீடு. என் மனைவி சமையல் மேடையில் வைத்துத்தான் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினாள். குக்கர் விசிலை எண்ணுவது என் வேலை."

பஸ்ஸே அந்தப் பக்க ஜன்னலுக்குச் சாய்ந்தது. குதுப்மினாரைவிட அந்தக் கட்டடங்களைத்தான் அதிகம் போட்டோ எடுத்தார்கள்.

"தில்லி ஹாட் ஆ கயா, சார்ஜி," என்று டிரைவர் சந்தை வாசலில் வேகத்தைக் குறைத்தார்.

"நஹீ பையா, சீதா சலோ. ஜல்தி!" என்று நிற்காமல் நேராகப் போகச் சொல்லிக் கத்தினார் மாணிக்கவாசகம். அவர் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அரங்கு வாசலில் ஷ்ரேயா நின்றாள். பூங்கோதையிடம் ஆராய்ச்சி செய்கிற பெண், வீட்டுக்கெல்லாம் வருகிறவள். எல்லார் கழுத்திலும் பச்சை அட்டையைப் பார்த்துவிட்டு, "அங்கிள், டூர் பஸ் அந்தப் பக்கம் நிக்கும்," என்று கை காட்டினாள்.

அவர் முகம் விழுந்துவிட்டது. போச்சு, தேங்க்யூ சொல்லிவிட்டுத் திரும்பப் போகிறார் என்று நினைத்து நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே பேசினார்.

"பஸ்லேருந்துதாம்மா வர்றோம். இதுவும் டூர்ல ஒரு இடம்தான். கடைசி இடம்."

ஷ்ரேயா அவர் டையைப் பார்த்தாள், பின்னால் நின்ற முப்பது பேரைப் பார்த்தாள். கதவைத் திறந்துவிட்டாள்.

உள்ளே திரையில் பெரிய ராணிக் கறையான். அதன் இடுப்போரம் ஒட்டிக்கொண்டு சின்னதாக ஒன்று. அது ராஜா என்றும், எறும்பிலும் தேனீயிலும் இல்லாத அதிசயமாகக் கறையான் ராஜா ஆயுள் முழுக்க ராணியை விட்டுப் போவதில்லை என்றும் பூங்கோதை சொல்லிக்கொண்டிருந்தாள். "அவருக்கும் பச்சை அட்டைதான்," என்று ஹென்ரிக் என் காதில் சொன்னார்.

கடைசி வரிசைகள் பச்சையாக நிரம்புவதைப் பூங்கோதை பார்த்தாள். கணவரைப் பார்த்ததும் பேச்சு ஒரு நொடி நின்றது. பிறகு தொடர்ந்தாள். மாணிக்கவாசகம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். ஒரு வரி புரிந்த மாதிரியும் தெரியவில்லை, கண்ணை எடுக்கவும் இல்லை. ஆனால் நாங்கள் வந்து சேர்ந்ததே தாமதம். நாலைந்து படங்கள் ஓடியதும் பேச்சு முடிந்து கைதட்டல் கேட்டது. அவரும் தட்டினார். கேட்க வேண்டியதில் பாதி போய்விட்டதே.

கேள்விகள் உண்டா என்று கேட்டார்கள். மாணிக்கவாசகம் கையைத் தூக்கினார். மைக்கைக் கொடுத்தார்கள்.

"நான் உடன் வந்தவன்," என்று இங்கிலீஷில் ஆரம்பித்தார். "டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டதால் முதல் பாதியைக் கேட்க முடியவில்லை. அதை மறுபடி சொல்ல முடியுமா?"

அரங்கமே சிரித்தது. சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். பூங்கோதை சிரிக்கவில்லை. மைக்கைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் தமிழில் சொன்னாள்.

"வீட்டுக்கு வாங்க. சொல்றேன்."

நம் வீடுகளில் இதை எந்தக் குரலில் சொல்வார்கள், எதற்குச் சொல்வார்கள் என்று நமக்குத் தெரியும். இது அந்தக் குரல் இல்லை. புரியாதவர்கள் ஏதோ பதில் சொல்லியாயிற்று என்று கைதட்டினார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

எல்லாம் முடிந்து டாக்ஸியில் திரும்பினோம். நான் முன் சீட்டில். பின்னால் பூங்கோதை கேட்டாள்: "வியன்னாவுலயே ஏன் சொல்லல?"

"நான் ஊர் சுத்தறேன்னு நீ சந்தோஷப்பட்டியே."

"நீங்க சந்தோஷப்படறீங்கன்னுதானேங்க நான் சந்தோஷப்பட்டேன்."

தௌலா குவான் மேம்பாலம் தாண்டும் வரைக்கும் டாக்ஸி ரேடியோவில் ஹிந்திப் பாட்டு மட்டும் ஓடியது. அப்புறம் பூங்கோதை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மேடையில் பேசிய அதே குரலில் ஆரம்பித்தாள். "முதல் ஸ்லைடுல ஒரு புத்து. உள்ள ஒரே இருட்டு. அதுங்களுக்குக் கண்ணு கிடையாது..."

மாணிக்கவாசகம் முன்னால் குனிந்து டிரைவரின் தோளைத் தொட்டார். "பையா, ரேடியோ பந்த் கரோ," என்று பாட்டை நிறுத்தச் சொன்னார்.