லென்ஸ் இல்லை என்று சொன்ன கமரா

மணமான புதிதில் என் மனைவியைப் படமெடுத்த லென்ஸ் ஒன்றை இன்றும் வைத்திருக்கிறேன். வளையத்தைக் கையால் திருப்பித் தெளிவு பார்க்கும் பழைய வகை. சென்ற ஆண்டு வாங்கிய புதிய கமராவில் அதைப் பொருத்தினேன், சோதித்துப் பார்க்கவில்லை.

நோயில் முடி உதிர்ந்த பின் அவர் தம்மைப் படமெடுக்க எவரையும் விட்டதில்லை. ஒரு மாலை கற்பிட்டிக் கரையில் தாமாகவே முக்காட்டைச் சரிசெய்து, "இப்ப எடுங்க" என்றார். அழுத்தினேன். லென்ஸ் பொருத்தப்படவில்லை என்ற அறிவிப்பு மட்டும் திரையில் வந்தது.

"என்ன, ஒங்கட கமராக்கும் என்னப் புடிக்கல்லயா?" என்று சிரித்தார். "போன்ல எடுங்களேன்."

"இந்த லென்ஸாலதான் எடுக்கணும். நாளைக்கு எடுப்பம்" என்றேன்.

மறுநாள் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கேயே வபாத்தானார்.

மின்தொடர்பு இல்லாத பழைய லென்ஸைப் புதிய கமரா அடையாளம் காணாது. லென்ஸ் இல்லாமலும் படமெடுக்கலாம் என்ற அனுமதியை, அமைப்புகளுக்குள் சென்று நாமே கொடுக்க வேண்டும். அவர் மறைவுக்கான கத்தம் ஓதி முடிந்த பின்னரே அதைத் தேடிப் படித்தேன். ஒரேயொரு தெரிவை மாற்றியதும் கமரா இயங்கியது.

இப்போது வெளியே செல்லுமுன் வீட்டிலேயே ஒரு படம் எடுத்துப் பார்க்கிறேன். எவராவது எடுக்கச் சொன்னால், போனிலேயே உடனே எடுத்துவிடுகிறேன். லென்ஸில் குறையொன்றுமில்லை. கரையில் நிற்கும் தோணிகள் படத்தில் மிகத் தெளிவாக விழுகின்றன.