ஆங்கிலத் தேர்வில் சொன்ன மலைப்பாதை

வெளிநாட்டு நர்ஸ் வேலைக்காக ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்குப் போயிருந்தேன். ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தேன். பயணத்தில் பார்த்த இயற்கைக் காட்சி ஒன்றைச் சொல்லச் சொன்னார் தேர்வாளர். மனப்பாடம் செய்திருந்த சுவிட்சர்லாந்து ஏரியை ஒப்பித்தேன்.

“அங்கே போயிருக்கிறீர்களா?”

“இல்லை” என்றேன். அவர் காத்திருந்தார்.

வேறு வழியின்றி, மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து அடிவாரத்துப் போடி ஊருக்கு ஜீப்பில் இறங்கிய நாளைச் சொன்னேன். மூடுபனியில் சாலையே தெரியவில்லை. “ஆத்தா, எறங்கி முன்னால நடங்க. ஒங்க செகப்புச் சேலையப் பாத்து வர்றேன்” என்றார் டிரைவர் என் அம்மாவிடம். “பள்ளத்துப் பக்கம் போகாதம்மா!” என்று கத்தினேன். வளைவில் சேலையும் மறைந்தது.

அதற்குமேல் ஆங்கில வார்த்தை கிடைக்காமல் நிறுத்தினேன்.

“அம்மாவுக்கு என்ன ஆயிற்று?” தேர்வாளர் பதறினார்.

“பனி விலகியது. அம்மா நின்றிருந்தார். கீழே போடி முழுக்க வெயில்” என்றேன், பிழைகளோடு.

தேறிவிட்டேன். பயத்தோடு பார்த்த காட்சி எவ்வளவு அழகு என்பது, சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது.