பந்தல்குடிப் பதக்கமும் பரளச்சிச் சீனிக்கிழங்கும்

மதுரையில் நான் பாடம் நடத்தும் செவிலியர் பள்ளியில் புதிதாகப் பிரசவப் பயிற்சி அறை கட்டியிருக்கிறார்கள். போர்முனையில் வேலை பார்த்த நம் பக்கத்து நர்ஸ் ஒருவரின் பெயரை அதற்கு வைக்கலாம் என்று முடிவானது. யார் பெயர் என்று சொல்லும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். போர்டு எழுதுகிறவர் திங்கட்கிழமை வருவார். அதனால் மே மாத வெயிலில், ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இரண்டு பேரைச் சொல்லியிருந்தார். ஒருவர் பந்தல்குடி சரஸ்வதியம்மா, எழுபத்தொன்றாம் வருடப் போரில் ராணுவ மருத்துவமனையில் இருந்தவர். இன்னொருவர் அவருக்கு மூத்தவர், பர்மா சண்டைக்குப் போய்வந்த பரளச்சிக்காரர், பெயர் தெரியாது. இருவரும் இப்போது இல்லை. உண்மையைச் சொன்னால், பந்தல்குடிதான் என்று வீட்டிலேயே முடிவுகட்டிவிட்டேன். பரளச்சி ஒப்புக்கு.

மாட்டுத்தாவணியில் காலை 6.10 பஸ். அருப்புக்கோட்டை சுமார் ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். இட்லி, வடை, காபி எல்லாம் சேர்த்து ஐம்பத்தைந்து ரூபாய். அங்கிருந்து தூத்துக்குடி ரோட்டில் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் பந்தல்குடி.

சரஸ்வதியம்மாவின் மகன் செல்வராஜ் லாரிகளுக்குத் தார்ப்பாயும் கயிறும் விற்கிறார். கல்லாவுக்கு மேலே அம்மாவின் சீருடைப் படம், கண்ணாடிச் சட்டத்துக்குள் பதக்கம். தினமும் துடைப்பாராம்.

"ஒரு வாரம் தூங்காம நின்னாகளாம். வீட்ல அதப் பத்திப் பேசவே மாட்டாக. எனக்கப்புறம் இதைத் துடைக்க ஆளில்ல மேடம். போர்டுல பேரு இருந்தா நிம்மதியா இருக்கும்" என்றார். கிட்டத்தட்ட வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அருப்புக்கோட்டைக்குத் திரும்பி, 11.20க்குப் பரளச்சி டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வழியெல்லாம் உழுதுபோட்ட கரிசல், நடுநடுவே கருவேலம். இறங்கிய இடத்துக்கு எதிர் வீட்டில் பாண்டியம்மாள் என்பவரிடம் விசாரித்தேன். அவருடைய மகளுக்கு நிறைமாதம்.

"யாரு, பட்டாளத்து நர்சம்மாவா? வாங்க, அடுப்புல வேல கிடக்கு" என்று உள்ளே கூட்டிப்போனார்.

அடுப்பில் இட்லிச் சட்டி. மூடியைத் திறந்தால் வெள்ளை வேட்டித் துணிகள் ஆவியில் வெந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு சீனிக்கிழங்கு. துணிக்கு நடுவே சர்க்கரைவள்ளியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கிழங்கு எதுக்கும்மா, சாங்கியமா?"

"போடணும்னு நர்சம்மா சொன்னாகளாம். கிழங்கு வேகாம துணிய எடுக்கக்கூடாது. பிள்ளைக்கு ஆகாது."

சிரிப்பு நின்றுவிட்டது. அது சாங்கியம் இல்லை, கடிகாரம். கடிகாரம் இல்லாத வீட்டில், துணி போதுமான நேரம் ஆவியில் இருந்ததா என்று கிழங்கைக் குத்திப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். போர்முனைக் கூடாரத்தில் காயத்துக்குக் கட்டுத்துணி அவித்த கை சொல்லிக்கொடுத்த வழியாகத்தான் இருக்கும். இப்போது பிரசவமெல்லாம் ஆஸ்பத்திரியில்தான். ஆனாலும் பிள்ளையை வாங்கும் துணி இந்த ஊரில் இப்படித்தான் தயாராகிறது. பதினெட்டு வருடம் பாடம் நடத்தியவள் அதைப் பார்த்துச் சிரித்தேனே என்று வெட்கமாக இருந்தது.

"அவுக பேரு என்னம்மா?"

பாண்டியம்மாள் யோசித்தார். பக்கத்து வீட்டிலும் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. படமும் இல்லை. வெந்த கிழங்கில் பாதியை மகளுக்கும் பாதியை எனக்கும் கொடுத்தார்.

போகிறவர்களுக்கு: பரளச்சியிலிருந்து திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். குடையும் இரண்டு லிட்டர் தண்ணீரும் அவசியம். மொத்தச் செலவு முந்நூறைத் தாண்டவில்லை.

காத்திருந்த நேரத்தில் செல்வராஜுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "பிரசவ ரூமுக்கு அவுகதான் சரி. மூத்தவுகளும்கூட. அம்மா பதக்கத்த உள்ள ஒரு சுவர்ல மாட்டிக்கிருங்க, படிக்கிற பிள்ளைக துடைக்கட்டும்" என்றார்.

திங்கட்கிழமை 'பட்டாளத்து நர்சம்மா அறை' என்று எழுதிக் கொடுத்தேன். வாசலில் மாட்டப் படம் கேட்டார்கள். பரளச்சியில் போனில் எடுத்ததை அனுப்பினேன்: இட்லிச் சட்டி, வெள்ளைத் துணி, நடுவில் ஒரு சீனிக்கிழங்கு.