தண்ணீர் குடிக்காத பயணம்

தையல்நாயகிக்கு முப்பத்தைந்து வயதிலேயே முடக்குவாதம் வந்துவிட்டது. திண்டிவனத்தில் அரிசி ஆலை வேலைக்குப் போகும் கணவர் அரங்கநாதன், மாதம் ஒருமுறை அவளை விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார். மாத்திரையில் வலி குறைந்ததே தவிர, முட்டி பாதிக்குமேல் மடங்கவில்லை. மெதுவாக நடப்பாள். தரையில் குந்த மட்டும் முடியாது. வீட்டுக் கொல்லையில் செங்கல்லை உயர்த்திக் கட்டி, அவள் ஒதுங்குவதற்கு அரங்கநாதன் ஒரு வழி செய்திருந்தார். வெளியே போனால் அதற்கு எங்கே போவது? விழுப்புரம் பஸ்ஸைத் தவிர வேறெதிலும் அவள் ஏறுவதில்லை.

1986 காணும் பொங்கலுக்குத் தெருப் பெண்கள் வேன் பிடித்து மரக்காணம் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். நாத்தனார் கொளஞ்சி விடவில்லை.

"நீ வராம நான் போவமாட்டேன் அண்ணி. கடலப் பாத்துக்கினு சும்மா ஒக்காந்திரு, போதும்."

தையல்நாயகிக்கும் ஆசைதான். முதல்நாள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

கரையில் கிடந்த ஒரு படகின் விளிம்பில் அவளை உட்காரவைத்தார்கள். கொளஞ்சி நீட்டிய இளநீரை, சளி பிடிக்கும் என்று தள்ளிவிட்டாள். உச்சி வெயிலில் தலை சுற்றிச் சரிந்தாள். பெண்கள் பதறிப்போய் சோடாவும் இளநீருமாக வாயில் ஊற்றினார்கள். மறுக்க அவளுக்குத் தெம்பில்லை.

திரும்பும் வழியில் சவுக்குத் தோப்பருகே வேன் நின்றது. பெண்கள் இறங்கி உள்ளே போனார்கள்.

"வர்றியா அண்ணி?"

"எனக்கு ஒண்ணுமில்ல. நீ போயிட்டு வா."

வேன் மறுபடி கிளம்பியதும் சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். முந்தானையைச் சுருட்டி மடியில் அழுத்தினாள். ஒரு பள்ளத்தில் வேன் தூக்கிப் போட்டது. சீட்டிலிருந்து வழிந்து தரையில் ஓடியது. முன் சீட்டிலிருந்த சின்னபொண்ணு காலைத் தூக்கிக்கொண்டு, "யாருடி தண்ணிய சாச்சது?" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் அவளுக்கும் புரிந்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதுவரை பாடிக்கொண்டு வந்தவர்கள் ஊர் வரும்வரை வாய் திறக்கவில்லை. சிரித்துத் தொலைத்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது தையல்நாயகிக்கு.

அதன்பிறகு அவள் தெருவில் தலைகாட்டவில்லை. கொளஞ்சி வந்தபோதும் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"இன்னான்னு சொல்றது? கொழந்தைய புடிக்கிற மாதிரி என்னைப் புடிச்சிக்கோன்னா?"

"ஆமா, அப்படித்தான் சொல்லணும்."

சித்திரையில் கொளஞ்சி பிடிவாதமாக அவளைத் திருவக்கரைக் கோயிலுக்கு அழைத்துப் போனாள். வழியில் ஒரு வேலி மறைவில் எதிரே நின்று, அவளுடைய இரு கைகளையும் இறுகப் பற்றி, பின்னால் சாய்ந்து, பாதி குந்தியவளின் பாரத்தைத் தாங்கிக்கொண்டாள். முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பி, மல்லாட்டைச் செடியில் பூச்சி விழுந்ததைப் பற்றி ஏதேதோ பேசிக்கொண்டிருந்தாள்.

பிறகு மயிலத்துக்கும் போனார்கள், கல்யாணங்களுக்கும் போனார்கள். எழுந்து நின்று புடவையைச் சரிசெய்ததும் தையல்நாயகியால் ஒருமுறைகூடக் கொளஞ்சியின் முகத்தை உடனே பார்க்க முடிந்ததில்லை. ஆனால், கூப்பிட்டால் வரமாட்டேன் என்று மட்டும் அவள் சொன்னதில்லை.