மக்காச்சோள மூக்குத்தி

அம்மா நர்சிங் படித்துக்கொண்டிருந்தபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புகிற பெண்கள் எங்கள் வீட்டில் இரண்டு பேர். அப்பா போர்வெல் போடும் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசம் போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். புதுச்சத்திரத்தில் மெயின் ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. பக்கத்து வீடு அப்பாவின் அக்காவுடையது; அம்மா அவளை நங்கையா என்று கூப்பிடுவாள். அம்மா சேலத்துக்குப் பஸ் ஏறிய பிறகு என்னைப் பள்ளிக்கு அனுப்புவதும், மாலையில் சோறு போடுவதும் அந்த அத்தைதான். எல்லாவற்றையும் குறையில்லாமல் செய்துவிட்டு, "புள்ளையப் பெத்துப்போட்டு இனி என்ன படிப்பு?" என்று தன் கோழிகளிடம் கேட்பாள். கோழிகள் எதிர்த்துப் பேசாது.

உட்கார்ந்து படிக்க அம்மாவுக்கு நேரம் கிடையாது. பாடங்களைத் தன் குரலிலேயே போனில் பதிவு செய்து வைத்துக்கொண்டு, சமைக்கும்போதும் துணி காயப்போடும்போதும் ஓடவிடுவாள். எனக்குத் தலை பின்னும்போது எலும்புகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வருவாள். ஏதாவது மறந்துவிட்டால் பின்னலை இறுக்கிப் பிடித்தபடி யோசிப்பாள். அந்த எலும்பின் பெயர் பிறகு எனக்கும் மறக்காது.

செய்முறைத் தேர்வு அன்று அம்மா விடியுமுன்பே எழுந்து வேலைகளை முடித்து, தேய்த்த வெள்ளைச் சீருடையில் நின்றாள். வெளியூரிலிருந்து தேர்வாளர் வருகிறார், பிந்திப் போனால் உள்ளே விடமாட்டார்கள் என்று முந்தின நாளே அத்தையிடம் சொல்லியிருந்தாள். நான் அத்தை வீட்டு வாசலில் கோழித் தீவனத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அத்தையின் சிவப்புக்கல் மூக்குத்தி மேல் எனக்கு வெகுநாளாகக் கண். ஒரு மக்காச்சோள மணியை எடுத்து மூக்கில் அதே இடத்தில் வைத்து அழுத்திப் பார்த்தேன். நிற்கவில்லை. உள்பக்கமாக ஒட்ட வைத்தால் நிற்கும் என்று தோன்றியது. நின்றது. பிறகு நான் மூச்சை இழுத்தேன்.

என் அலறலில் அத்தை ஓடிவந்தாள். பார்த்தவுடன் தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவிவிட்டாள்.

"குத்தீராதீங்க நங்கையா! உள்ள போயிரும்!" என்று அம்மா வந்து கையைப் பிடித்தாள்.

"அப்புறம் எப்படி எடுக்கறது? பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு!"

அந்த நேரம் பார்த்து ரோட்டில் சேலம் பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போன் வெளிச்சத்தில் என் மூக்கைப் பார்த்தாள். "மூக்கால இழுக்காத சாமி, வாயால மூச்சு வுடு. அப்படித்தான். இப்ப அம்மா ஒரு முத்தம் தாரேன், வாயத் தொறந்து காட்டு" என்றாள். என்னை மடியில் இருத்தி, அடைக்காத பக்கத்து மூக்கை விரலால் மூடி, என் வாயோடு வாய் வைத்துச் சட்டென்று ஊதினாள். ஒன்றும் நடக்கவில்லை. பஸ் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. மறுபடி ஊதினாள். மக்காச்சோளம் தெறித்து அம்மாவின் கன்னத்தில் பட்டுத் தரையில் விழுந்தது. நான் குனிந்து பார்ப்பதற்குள் அத்தையின் சேவல் அதைக் கொத்திக்கொண்டு போய்விட்டது.

அம்மா என்னை இரண்டு பக்க மூக்கிலும் மூச்சு விடச் சொல்லிக் காது வைத்துக் கேட்டாள். "ரத்தம் வந்தாலோ, இருமிக்கிட்டே இருந்தாலோ ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்று அத்தையிடம் சொன்னாள். சீருடையைத் தட்டிவிட்டு ரோட்டைப் பார்த்தாள். பஸ் இல்லை.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. கொண்டை அவிழ்ந்த கோலத்திலேயே அத்தை ரோட்டுக்கு ஓடி, வந்துகொண்டிருந்த முட்டை வண்டியைக் கைநீட்டி நிறுத்தினாள். "ஏனுங்க, எங்கூட்டுப் புள்ளைக்கு இன்னிக்குப் பரீட்சைங்க! சேலத்துல கொண்டு போயி எறக்கி வுட்ருங்க, புண்ணியமாப் போகும்!"

டிரைவருக்குப் பக்கத்தில் அம்மா ஏறி உட்கார்ந்தாள். "போயிட்டு வாரேன்" என்று என்னைப் பார்த்துக் கையசைத்தாள். குரலில் நடுக்கமே இல்லை. அன்று வகுப்பில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொன்னேன், எங்கள் அம்மாவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று.

சாயங்காலம் அம்மா வந்தாள். முதலில் என் மூக்கைத் தூக்கிப் பார்த்தாள். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததையும், படுக்கையில் கிடக்கும் நோயாளிக்குக் கீழே விரிப்பு மாற்றிக் காட்டியதையும், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். பாஸ் ஆகிவிடுவேன் என்றாள், ஆகவும் செய்தாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வருவதாகத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள். வெகுநேரமாகியும் வரவில்லை.

நான் போய் எட்டிப் பார்த்தேன். அம்மா குனிந்து முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். அத்தை பக்கத்தில் நின்று செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றினாள். அத்தையின் மறு கை அம்மாவின் முதுகில் இருந்தது.

முட்டை வண்டியில் போனால் முகத்தில் இவ்வளவு அழுக்குப் படியுமா என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போனேன்.